பத்து நாள் மௌனமா, வைகாசிச் சடங்கா?

“அக்கா, ஓகஸ்ட் லீவில பன்னிரண்டு நாள் வந்து பிள்ளைகளோட நிற்பீங்களா?” என்று தங்கச்சி தொலைபேசியில் கேட்டாள். சித்திரை வருசப் பலகாரம் டின்னில் இன்னும் மிச்சம் இருந்த நேரம். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டால், கண்டிப் பக்கம் ஒரு தியான நிலையமாம், பத்து நாள் வாய் திறக்கக்கூடாதாம். போய்வந்த ஆசிரியை ஒருத்தி, மனசைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது என்று சொன்னாளாம். “எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேணும் அக்கா. வேற ஒண்டும் வேணாம்.”

அவள் இருப்பது மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில். ஆசிரியை. கணவர் கட்டாரில். பிள்ளைகள் இரண்டு, பத்து வயதும் ஆறு வயதும். அம்மாவும் அவளோடுதான் இருக்கிறார், ஆனால் முழங்கால் நோவோடு அந்த இரண்டின் பின்னால் ஓட அவரால் முடியாது. நான் கல்லடியில், வேலை நகருக்குள். ஓம் என்று சொல்ல ஒரு கிழமை தவணை கேட்டேன். லீவு எடுப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பத்து நாளை நானும் ஒருமுறை இருந்து பார்த்தவள். அதுதான் யோசிக்க வைத்தது.

அந்த ஒரு கிழமையில் அவளுக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற ஒருவருக்கு மனம் அடங்க என்னென்ன வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்ற கணக்கு. சிலவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தது.

நிம்மதி என்று ஒரே சொல்லில் கேட்டாலும் அதற்குள் இரண்டு பசி இருக்கிறது. ஒன்று, தலைக்குள் ஓடுகிற சத்தம் அடங்க வேண்டும் என்பது. கட்ட வேண்டிய லோன், நேற்று மச்சாள் சொன்ன சொல், மகனின் கணிதப் புள்ளி எல்லாம் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தம் அது. மற்றது, இதையெல்லாம் நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, மேலே ஒன்றும் பக்கத்தில் சிலரும் இருக்கிறார்கள் என்கிற பிடிமானம். முதலாவதை அமைதி என்று வைப்போம், இரண்டாவதைத் துணை என்று. அமைதி தருகிற வழியில் துணை கிடைக்க வேண்டும் என்றில்லை. துணை தருகிற வழி பல நேரம் காதைக் கிழிக்கும். எது குறைகிறது என்று பார்க்காமல் ஒன்றைப் பிடித்தால் சோற்றுப் பசிக்குத் தேத்தண்ணி குடித்த கதையாகிவிடும்.

இன்னொரு அளவுகோலும் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர் காய்ச்சல் கிழமை. பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கணக்காய்வு, தண்ணி மோட்டார் எரிந்து கிடக்கிறது. அந்தக் கிழமையிலும் இதைச் செய்ய முடியுமா? லீவு நாளில் மட்டும் வேலை செய்கிற நிம்மதியை எங்களைப் போன்ற வீடுகளில் வைத்து என்ன செய்வது?

பத்து நாள்

தங்கச்சி சொன்ன இடம் எனக்குத் தெரியும். பேராதனையிலிருந்து மலை ஏறினால் ஹிந்தகலவில் இருக்கிற தம்ம கூட விபாசனா நிலையம். பர்மாவில் பிறந்த இந்திய வம்சாவளி வணிகரான சத்திய நாராயண கோயங்கா அங்கே ஊ பா கின் என்பவரிடம் கற்று, 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை இது. அவர் 2013இல் காலமானார். இன்றைக்கும் எல்லா நாட்டிலும் அவருடைய ஒலிப்பதிவை வைத்தே வகுப்பு நடக்கிறது.

வாசலில் தொலைபேசி, புத்தகம், பேனை எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். விடிய 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30க்கு விளக்கு அணையும். இடையில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது. பேச்சு மட்டுமில்லை, சைகை, கண் பார்த்துச் சிரிப்பது எதுவும் கிடையாது. 11 மணிக்குச் சைவச் சாப்பாடு. புதிதாக வந்தவர்களுக்குப் பின்னேரம் தேத்தண்ணியும் பழமும் உண்டு, இராச் சாப்பாடு கிடையாது. முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்கச் சொல்வார்கள். நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க எழுகிற உணர்ச்சிகளை ஒன்றொன்றாக. கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விரும்பினால் அடுத்தவருக்காகக் கொடுக்கலாம், முடிக்காதவரிடம் காசு வாங்கவே மாட்டார்கள். காசு பார்க்காத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

எனக்கு அங்கே என்ன நடந்தது? இரண்டாம் நாள் பின்னேரம் முழுவதும், காஸ் சிலிண்டரைப் பூட்டினேனா இல்லையா என்பதைத்தான் தியானித்தேன். மூன்றாம் நாள் ஒரு பழைய சினிமாப் பாட்டின் ஒரே ஒரு வரி, கீறல் விழுந்த தட்டு மாதிரி, காலையிலிருந்து படுக்கப் போகும் வரை. ஆறாம் நாள் இடது முழங்காலில் நோவு வந்தது. அசையக்கூடாத மணி நேரம். கடிகாரமும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஓர் இடத்தில் நோவு நோவாகவே இருக்க, அதன் மேல் நான் ஏற்றி வைத்திருந்த எரிச்சல் மட்டும் கழன்று விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு பல விஷயங்களில் எது நோவு, எது என் எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க வந்தது. இப்போதும் எப்போதாவது வருகிறது.

திரும்பி வந்த அன்று பஸ்ஸில் இருந்து வாவியைப் பார்த்தேன். முப்பது வருடமாகப் பார்த்த வாவியை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சரி, சிரியுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். பத்தொன்பது நாள் உட்கார்ந்தேன். இருபதாம் நாள் மகனுக்குக் காய்ச்சல். டெங்கு. நாலு இரவு வார்டில் பிளாஸ்டிக் கதிரையில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்பது என் வாழ்க்கையில் மீண்டும் வரவில்லை.

இன்னொன்று. அந்தப் பத்து நாள் இலவசம் என்றேனே, எனக்குத்தான் இலவசம். போக்குவரத்தோடு பன்னிரண்டு நாள் வீட்டில் சமைத்தது, துவைத்தது, மகனைப் பாடசாலைக்கு அனுப்பியது எல்லாம் மாமி. என் மௌனத்தின் செலவை அவர் கட்டினார். போய்வந்து மலர்ந்த முகத்தோடு நான் நின்றபோது அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. கணவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. அமைதிக்கு இதைவிட ஆழமான வழியை நான் பார்க்கவில்லை. துணைக்கு ஒன்றுமில்லை, அதை அவர்கள் தருவதாகச் சொல்லவும் இல்லை. காய்ச்சல் கிழமையில் தோற்றுப்போகும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், அவர்களே கேட்பார்கள். அண்மையில் ஒரு சாவைச் சந்தித்தவர் அவசரப்பட்டு ஓடிப்போய் உட்காருவதும் நல்லதில்லை என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று கிழமையாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று மனம் சொல்கிறது என்றால் இந்தக் கட்டுரையில் இருக்கிற எதுவும் உங்களுக்கானது இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். கோயிலும் தியானமும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுக்குள்ளேயே

தொலைபேசியில் தியானச் செயலி போட்டுக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதம் கேட்டேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, குரல் இனிமையாக இருக்கிறது. ஆனால் “மூச்சைக் கவனியுங்கள்” என்கிற அதே பெட்டிக்குள்தான் அலுவலக வட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. கள்ளுக்கொட்டிலுக்குள் இருந்து விரதம் பிடிக்கிற மாதிரி.

அதைவிட விளக்கு நல்லது. பின்னேரம் ஆறு மணிக்குச் சாமி அறையில் விளக்கேற்றுவது எங்கள் வீடுகளில் யாரும் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றில்லை. கஷ்டம் என்னவென்றால், தினமும் செய்வதாலேயே அது பாத்திரம் கழுவுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஏற்றினோம், திருநீறு பூசினோம், குசினிக்கு ஓடினோம். நான் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஏற்றிவிட்டு ஒரே ஒரு தேவாரப் பதிகம், அவசரமில்லாமல், இழுத்துப் பாடுவது. பாடி முடித்த பிறகு ஐந்து நிமிடம் எழும்பாமல் இருப்பது. அவ்வளவுதான்.

இழுத்துப் பாடுவதில் ஒரு விஷயம் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைவாக அடிக்கும், விடும்போது சற்று மெதுவாகும். பாடும்போது மூச்சு வெளியே போகிற நேரம் தானாகவே நீளும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் இருபத்து மூன்று பேரை வைத்து, கத்தோலிக்க ஜெபமாலையையும் ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்து பார்த்தார்கள். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அது வெளிவந்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்கு இறங்கியது, இதயத்தின் தாளமும் அதோடு ஒத்துப்போனது. தாண்டவன்வெளியில் இருக்கிற என் அலுவலகத் தோழி இதைக் கேட்டுவிட்டு, “எங்கட அம்மம்மாவுக்கு இது முதலே தெரியும்” என்றாள். அவளுடைய அம்மம்மா சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர். தொண்ணூறு வயது வரை ஒருநாளும் ஜெபமாலை தவறவில்லை.

விளக்கும் ஜெபமாலையும் காய்ச்சல் கிழமையில் தேறும். வார்டில் இருந்தபோது விளக்கு இல்லாமலும் பதிகம் பாடினேன், வாய்க்குள்ளே. ஆழம் பத்து நாள் மௌனத்தின் ஆழம் கிடையாது. ஆனால் அது நின்றுபோனது, இது நிற்கவில்லை.

ஒழுங்கு என்று வந்தால் காத்தான்குடித் தோழியிடம்தான் எனக்குப் பொறாமை. எனக்கு மனசு வந்தால் உட்காருவேன். அவளுக்கு மனசு வருவது வராதது பற்றிப் பேச்சே இல்லை. பாங்கு சொன்னால் எழும்ப வேண்டும். அலுவலகத்தில் மேலதிகாரி எல்லாருக்கும் முன்னால் அவளை ஏசிய ஒரு நாள், லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை நேரம் வந்ததும் எழும்பிப்போய், தொழ முதல் கை கால் முகம் கழுவுகிற வுளூ செய்தாள். முழங்கை வரை தண்ணி ஓடுவதை, முகத்தைத் துடைக்காமல் அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவள் வேறு ஆள். அன்று பின்னேரம் வரை கொதித்துக்கொண்டிருந்தது நான்தான், ஏச்சு வாங்காத நான். இது அவரவர் மார்க்கம், நான் எடுத்துக்கொள்ளக்கூடிய வழி இல்லை. ஆனால் நேரத்தை மனநிலையிடம் விடாமல் கடிகாரத்திடம் விடுவதை அவளிடம்தான் கற்றேன். விளக்கு ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்குத்தான்.

வாவிக்கரை, கோயில்

வெளியூர்க்காரர் கேட்டால் வாவிக்கரையில் போய் இரு என்றுதான் முதலில் சொல்வார். அழகான யோசனை. கல்லடிப் பழைய பாலத்துப் பக்கம் விடியற்காலை, வீச்சுவலை விரிந்து விழுகிற ‘சளார்’ சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற முனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று ஊரே சொல்லும். ஒருமுறை போனேன். கேட்டதா இல்லையா என்று தீர்மானமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் வேறு எதையும் நினைக்காமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தேன். ஹிந்தகலவில் இதைத்தான் மூன்று நாள் கற்பித்தார்கள்.

சங்கடம் வேறு. ஒரு பெண் வாவிக்கரையில் தனியே ஒன்றும் செய்யாமல் இருந்தால் எங்கள் ஊர் விடாது. இரண்டாம் நாளே மீன் விற்றுத் திரும்பிய ஒரு வயதான பெண் என் முன்னால் கூடையை இறக்கி வைத்தார். “என்ன மனே, வீட்டில ஏதும் பிரச்சினையோ?” இல்லை அம்மா, சும்மா இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் மருமகன் குடித்துவிட்டு வருவதை எல்லாம் சொல்லி, எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுத்தான் எழும்பினார். அமைதி தேடிப் போய்த் துணை கிடைத்தது என்று அதைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டால் நாள் முழுக்கச் சும்மா இருக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கோயில் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, எந்தக் கோயில், எந்த நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மாமாங்கேஸ்வரத்தில் அமைதி தேடினால் கிடைப்பது மிதிதான். அதே கோயில், அதே குளக்கரை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன் என்றால் வேறு உலகம். ஒலிபெருக்கி இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். விடிய ஐந்து மணிக்கு ஊரை எழுப்பும் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தவர் எந்தச் சாமியையும் கும்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மௌனத்துக்குப் பத்து நாள் லீவு எடுத்துக் கண்டிக்குப் போகிறவர்கள் மண்டூரை மறந்துவிடுகிறார்கள். குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து சின்ன வயதில் அம்மாவோடு போன ஞாபகம். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் எங்கள் பக்கம் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவி கடக்கிற மிதவை. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் மௌனமாகப் பூசை செய்வார். மந்திரம் கேட்காது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் கூட்டமாக நின்று காத்திருந்த நேரம்தான் என் வாழ்க்கையில் நான் முதன்முதலில் அறிந்த தியானம். அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருநூறு பேர் மூச்சு விடுகிற சத்தத்தோடு. அமைதியும் துணையும் ஒன்றாக இருந்தது.

கல்லடியில் எனக்குப் பக்கத்தில் இருப்பது இராமகிருஷ்ண மிஷன். 1897இல் விவேகானந்தர் தொடங்கிய அந்த மிஷனுக்கு ஒரு முத்திரை வாக்கியம் உண்டு: தன்னுடைய விடுதலைக்காகவும் உலகத்தின் நன்மைக்காகவும். நான் அமைதி, துணை என்று பிரித்ததை அவர்கள் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் அதைப் பேச்சோடு விடவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தைக் கட்டினார், 1947இல் காலமான பிறகு அவருடைய சமாதியும் அங்கேதான். மாலை ஆரத்திக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவை போகிறேன். முடிந்த பிறகு எழும்பாமல் இருக்கிற ஒரு சிலரோடு நானும் இருப்பேன். யாரும் யாரையும் என்ன பிரச்சினை என்று கேட்பதில்லை. வாவிக்கரையில் கிடைக்காத சலுகை அது.

காட்டுவழி

கதிர்காமப் பாதயாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது கஷ்டம். யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் மட்டக்களப்பு, கல்முனை, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி, காட்டு வாசலில் முருகன் கோயில் இருக்கிற உகந்தைக்கு வருவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் உகந்தை வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். குமணையும் யால வனமும் கடந்து, குமுக்கன், வியாழை, கட்டகாமம் என்று நாலைந்து நாள் நடை. கதிர்காமத் திருவிழாவையொட்டி வருடத்துக்கு ஒருமுறைதான் காட்டுப்பாதை திறக்கும். மகன் பிறக்க முதல் ஒருமுறை மாமாவோடு நடந்தேன்.

உள்ளே போனால் பெயர் போய்விடும், எல்லாரும் சாமி. எனக்குப் பின்னால் வந்த டிராக்டர் சாரதியும் சாமி, முன்னால் போன வைத்தியரும் சாமி. வைத்தியச் சாமியின் குதிகாலில் கொப்புளம் வெடித்தபோது துணி கிழித்துக் கட்டியது டிராக்டர்ச் சாமி. குமுக்கன் ஆற்றங்கரையில் மருத மரங்களுக்குக் கீழே சாரத்தை விரித்துப் படுத்த இரவு, எங்கேயோ யானை மரம் முறிக்கிற சத்தம் கேட்டது. நூறு பேர் ஒரே நேரத்தில் மெதுவாக, சத்தம் போடாமல், அரோகரா என்றார்கள். பயம் இருந்தது, பயத்தோடு நான் தனியே இருக்கவில்லை.

அமைதிக்கும் துணைக்கும் சேர்த்துப் புள்ளி போட்டால் இதற்குத்தான் முதலிடம். ஆனால் வருடத்தில் ஒரு தடவை, அதுவும் கால் இருக்கும்வரை. நீரிழிவு இருப்பவர்கள் காலில் படுகிற சின்னக் காயத்தையும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மறுபடியும் அதே கேள்விதான்: அந்த நாட்களில் குசினியில் யார்? (போகிறவர்கள் தயவுசெய்து தண்ணிப் போத்தலைக் காட்டுக்குள் எறியாதீர்கள். முருகன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மான் தின்னும்.)

போகமுடியாதவருக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. யாத்திரை ஊர் வழியாகப் போகும்போது வீதியில் நின்று தண்ணியும் மோரும் சோறும் கொடுப்பது. அரை நாள் வேலை. இரவில் முதுகு நோகும், ஆனால் தலைக்குள் சத்தம் இருக்காது.

தங்கச்சிக்கு

கிழமை முடிந்து அவளுக்கு எடுத்தேன். இதெல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: “நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து யாரோட கதைச்சாய்?”

யோசித்துச் சொன்னாள். பெரியவனோடு வீட்டுப்பாடம். அம்மாவோடு மருந்து. அவரோடு பத்து நிமிடம் வீடியோவில், வங்கிக்குப் போட்ட காசைப் பற்றி. அதற்குப் பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தாள். “சும்மா கதைக்க ஒருத்தரும் இல்ல அக்கா.”

கணவர் வெளிநாடு போன பிறகு அவள் பக்கத்து வளவுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்ற பயம். பாடசாலை, வீடு, டியூஷன், வீடு. ஏற்கனவே மூன்று வருடமாக மௌனத்தில் இருக்கிறவளைப் பத்து நாள் மௌனத்துக்கு அனுப்பி என்ன செய்வது? அவளுக்குக் குறைவது அமைதி இல்லை என்று எனக்குப் பட்டது. அவளுடைய வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பிறகு எவ்வளவு அமைதி என்று போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

வைகாசி வரப் போகிறது, கண்ணகி அம்மனுக்குச் சடங்கு வருகிறது, அம்மாவோடு போ என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கிழவிகள் போகிற இடம், நித்திரை முழிப்பு, சத்தம், ஆட்டம், எனக்குத் தேவை நிம்மதி என்றாள். அவள் சொன்னது எல்லாம் உண்மை. கோயில் கதவு திறந்த நாளிலிருந்து, கடைசியில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி வரை செட்டிபாளையத்தில் சத்தத்துக்குக் குறைவு கிடையாது. ஒரு பக்கம் அவள் கதையைப் பாடுகிற கண்ணகி வழக்குரை படிக்கும் குரல், இன்னொரு பக்கம் உடுக்கு, பறை, குரவை. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தை ஆற்ற ஊரே கூடி நின்று பாடுகிறது. இன்னொருத்தியின் கோபத்தை ஆற்றுகிற வேலையில் தன் கோபத்தை மறந்துபோகிற பெண்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மா அதில் ஒருவர். தியானம் என்ற சொல்லை அம்மா பாவித்ததே இல்லை. ஆனால் அப்பா காலமான வருடம் அவரை எழுப்பி நிறுத்தியது பொங்கலுக்கு நெல் குத்த வந்து கூப்பிட்ட பெண்கள்தான். உலக்கையைக் கையில் கொடுத்தார்கள். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. குத்து என்றார்கள்.

அரை மனதோடுதான் தங்கச்சி போனாள். அதுவும் சும்மா போகவில்லை. சின்னவளுக்கு வருடம் முழுக்க இழுப்பு, அதற்காக அம்மா முன்னமே வைத்த நேர்த்தி ஒன்று தீர்க்காமல் கிடந்தது: தாய் மடிப்பிச்சை எடுத்துப் பொங்க வேண்டும். டீச்சர் நான் எப்படி வீடுவீடாகப் பிச்சை கேட்பது என்று இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் விடிய முழுகிவிட்டு, முந்தானையை ஏந்திக்கொண்டு இறங்கினாளாம். மூன்று வருடமாக மிதிக்காத வளவுகள். முதல் வீட்டில் அரிசியைப் போட்டுவிட்டு, “மெலிஞ்சு போனாய் மனே” என்றார்களாம். இரண்டாம் வீட்டில் இருத்தி வைத்துத் தேத்தண்ணி. மூன்றாம் வீட்டில் அவளிடம் படித்த பிள்ளை ஓடி வந்து இரண்டு கையாலும் அரிசி அள்ளிப் போட்டதாம். ஏழு வீட்டுக்கு என்று போனவள் மத்தியானம் வரை வரவில்லை. அம்மா எனக்கு அழைத்து, “எங்க போய்த் தொலைஞ்சாளோ தெரியா” என்றார், குரலில் கோபம் இல்லாமல்.

இதை வைத்து ஹிந்தகலவைவிடச் செட்டிபாளையம் பெரிது என்று நான் சொல்ல வரவில்லை. சடங்கு முடிந்தால் கோயில் கதவு பூட்டிவிடுவார்கள், மிச்சப் பதினொரு மாதத்துக்கு அவளுக்கும் ஒரு விளக்கு வேண்டும், ஒரு பதிகம் வேண்டும், சும்மா கதைக்க இரண்டு வளவு வேண்டும். ஓகஸ்ட் பதிவை அவள் இன்னும் ரத்துச் செய்யவில்லை. நானும் அந்தப் பன்னிரண்டு நாளுக்கு லீவுக் கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். போவாளோ தெரியாது. போனால் நல்ல பாயொன்று கொடுத்தனுப்ப வேண்டும், அங்கே தருகிறது மெல்லிசு.

குளிர்த்தி அன்று இரவு ஒரு மணிக்கு அவளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது செக்கன். போட்டுக் கேட்டேன். உடுக்குச் சத்தம், குரவை, யாரோ ஒரு பிள்ளை அழுகிறது, இடையில் தங்கச்சி எதையோ கத்திச் சொல்கிறாள். மூன்று தடவை கேட்டும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.